லின் ஹில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குப் பாறையேறக் கற்றுக்கொடுக்கிறேன். ஏதாவது ஒரு இடத்தில் லின் ஹில் பேச்சு வந்துவிடும். வந்தால் கேள்விகளும் வரும். பிள்ளைகள் கேட்பவை, அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கேட்பவை, ஒரு பாட்டி கேட்டது எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாறையேற்றம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

லின் ஹில் யார்?

அமெரிக்கப் பாறையேற்ற வீராங்கனை. 1961 ஜனவரி 3 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தார், கலிஃபோர்னியாவில் உள்ள ஃபுல்லர்டனில் வளர்ந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. உயரம் 157 சென்டிமீட்டர்தான். அதே கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்ற பெரும்பாறை இருக்கிறது. அதன் நடுவே நெடுகப் போகும் 'நோஸ்' பாதையை, கருவிகளில் தொங்காமல் கைகாலால் மட்டுமே முதலில் ஏறி முடித்தவர் இவர். "முதல் பெண்" என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஆண், பெண் எல்லாரையும் சேர்த்தே அவர்தான் முதல் ஆள்.

எப்படி ஆரம்பித்தார்? சின்ன வயதிலேயே பயிற்சி இருந்ததா?

எட்டு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார். பாறைக்கு வந்தது 1975ல், 14 வயதில். அக்கா கேத்தியும் அக்காவின் காதலரும் கூட்டிப்போனார்கள். அதற்கு முன்பே மரம், விளக்குக் கம்பம் என்று கண்டதில் எல்லாம் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைதான்.

ஜிம்னாஸ்டிக்ஸ் கொடுத்தது பலம் மட்டும் இல்லை. கஷ்டமான ஒரு அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழகி, அப்புறம் கோர்த்துச் செய்யும் பழக்கத்தையும் கொடுத்தது. அவர் ஏறும் வீடியோவைப் பாருங்கள். கை எட்டிப் பிடிப்பதற்கு முன் இடுப்பு நகர்ந்திருக்கும். பாதம் திரும்பியிருக்கும். நம் பிள்ளைகள் கையை மட்டுமே நம்பித் தொங்குவார்கள், பத்து நிமிடத்தில் முன்னங்கை வீங்கி இறங்கிவிடுவார்கள். அவர்களிடம் நான் முதலில் காட்டுவது லின் ஹில்லின் காலைத்தான்.

ஃப்ரீ கிளைம்பிங் என்றால் கயிறு இல்லாமல் ஏறுவதா? பயமாக இருக்கிறதே!

இல்லை. பெற்றோர் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ரீ கிளைம்பிங்கில் கயிறு உண்டு, ஹார்னெஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) உண்டு, கீழே கயிறு பிடிக்க ஆள் உண்டு. ஆனால் மேலே போவதற்குப் பாறையின் பிடிகளும் உங்கள் கைகாலும்தான். விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் கயிறு. எய்டு கிளைம்பிங் வேறு. அதில் பாறை இடுக்கில் செருகிய கருவியைப் பிடித்துத் தொங்கலாம், அதில் ஏணி மாட்டி மிதித்து ஏறலாம். கயிறே இல்லாமல் ஏறுவது ஃப்ரீ சோலோ. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் எல் கேப்பிட்டனை அப்படி ஏறினார். அது வேறு பாதை, வேறு விஷயம். லின் ஹில்லின் பெயரை நிலைநிறுத்திய ஏற்றங்கள் கயிற்றோடு செய்தவை. நான் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

5.12, 5.14, 8பி+ என்கிறீர்களே, இவை என்ன?

பாதையின் கடினத்தைச் சொல்லும் அளவுகள். அமெரிக்க முறையில் கயிறு தேவைப்படும் ஏற்றம் 5 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின் வரும் எண் கூடக்கூடக் கஷ்டம். 5.10 முதல் ஏ, பி, சி, டி என்று இன்னும் பிரிப்பார்கள். பிரெஞ்சு முறையில் 8பி+ என்பது அமெரிக்க 5.14ஏ. நம் பிள்ளைகள் 5.6, 5.7 அளவில் தொடங்குவார்கள். அதுவே முதல் நாள் போதும் போதும் என்றாகிவிடும்.

பாறை ஏறியே பிழைக்க முடிந்ததா? அது ஒரு தொழிலா?

அப்பாக்கள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட.

லின் ஹில் தொடங்கிய காலத்தில் அப்படி ஒரு தொழிலே இல்லை. யோசெமிட்டியில் கேம்ப் 4 என்ற முகாமில் கூடாரம் போட்டுத் தங்கி, சுற்றுலாப் பயணிகள் வீசிய டப்பாக்களைப் பொறுக்கிப் போட்டுக் கிடைத்த காசில் காலம் தள்ளிய கூட்டத்தில் அவரும் ஒருவர். ஆனால் 1979லேயே, 18 வயதில், கொலராடோவில் டெலுரைடு பக்கம் 'ஓஃபிர் புரோக்' என்ற இடுக்குப் பாதையை ஏறினார். அளவு 5.12டி. அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு கடினமான பாதையை ஏறியதில்லை.

முதல் நல்ல வருமானம் பாறையிலிருந்தே வரவில்லை. 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி. ஓட்டம், கயிறு ஏறுதல், தடை தாண்டுதல் எல்லாம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அதில் நான்கு முறை வென்றார். ஆண்களுக்கு முதல் பரிசு 15,000 டாலர், பெண்களுக்கு 5,000 என்று வைத்திருந்தார்கள். லின் ஹில் அதை வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போகவில்லை. தயாரிப்பாளரிடம் போய்ப் பேசினார், பெண்களுக்கான தொகை கூடியது. அவருடைய ஏற்றங்களுக்குச் சமமாக நான் மதிப்பது இதை.

பிறகு நியூயார்க் பக்கம் போய் நியூ பால்ட்ஸில் உயிரியல் படித்து 1985ல் பட்டம் வாங்கினார். படிக்கிற காலத்தில்தான் பக்கத்து ஷாவங்கங்க் பாறைகளில் 'வாண்டல்ஸ்' என்ற 5.13 பாதையை 1984ல் முடித்தார். ஆகவே "படிப்பைக் கெடுத்துக்கொண்டு பாறை ஏறணுமா" என்று கேட்டால், வேண்டாம். அவரும் கெடுத்துக்கொள்ளவில்லை.

ஐரோப்பாவில் போட்டிகள் தொடங்கியபோதுதான் இது முழுநேரத் தொழிலாக மாறியது. 1986 முதல் 1992 வரை 30க்கும் மேற்பட்ட சர்வதேசப் பட்டங்கள். இத்தாலியின் ஆர்கோவில் நடக்கும் ராக் மாஸ்டரில் மட்டும் ஐந்து முறை முதலிடம். பரிசுப் பணம், கருவி நிறுவனங்களின் ஆதரவு, பயிற்சி வகுப்பு என்று பல வழியிலும் சேர்த்துத்தான் வாழ்க்கை ஓடியது. இன்றும் உலகம் முழுக்கப் பெரும்பாலான தொழில்முறைப் பாறையேறிகளுக்கு நிலைமை இதுதான்.

விபத்து எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்வேன்.

1989 மே 9. பிரான்சின் தெற்கே பூவூ என்ற இடம். அவருடைய தரத்துக்கு அது சாதாரணப் பாதை, உடல் சூடேற்றிக்கொள்ள ஏறுவது. கயிற்றை ஹார்னெஸில் கோர்த்தார். முடிச்சை முடிப்பதற்குள் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. மேலே போட்டிருந்த ஜாக்கெட் இடுப்பை மூடியிருந்ததால், முடிச்சு பாதியில் நிற்பது யார் கண்ணுக்கும் படவில்லை. அப்படியே உச்சி வரை ஏறிவிட்டார். கீழே இறக்கச் சொல்லிப் பின்னால் சாய்ந்ததும் கயிறு உருவிக்கொண்டு வந்துவிட்டது. 20 மீட்டருக்கும் மேலே இருந்து விழுந்தார். நடுவில் ஒரு மரம் தாங்கியதால் உயிர் பிழைத்தார். இடது முழங்கை மூட்டு விலகியது, பாதத்தில் ஓர் எலும்பு முறிந்தது.

உலகத்தின் முதல் வரிசை வீராங்கனை. பாறை அவரை ஏமாற்றவில்லை, கயிறு அறுபடவில்லை, கை நழுவவில்லை. ஒரு முடிச்சு பாதியில் நின்றது, அவ்வளவே.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு எட்டு முடிச்சு ஒரு பாடமாகவே இருக்கிறது. முதலில் கயிற்றில் ஒற்றை எட்டு. நுனியை ஹார்னெஸின் கீழ் வளையம், மேல் வளையம் இரண்டிலும் நுழைக்க வேண்டும். பிறகு நுனி, வந்த வழியைக் கயிற்றோடு கயிறாக ஒட்டிக்கொண்டே திரும்பிப் போக வேண்டும். முடித்துப் பார்த்தால் இரண்டு இரண்டு கோடாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருக்கும். ஒரு சாண் நீளம் வால் மிஞ்ச வேண்டும். முடிச்சுப் போடத் தொடங்கியவரிடம் யாரும் பேசக் கூடாது, போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. முடிந்ததும் ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்ட வேண்டும். கயிறு பிடிப்பவர் விரலால் தொட்டுப் பார்த்து "சரி" சொன்ன பிறகுதான் பாறையில் கை வைக்கலாம். கோத்தகிரிக் குளிரில் எல்லாரும் இடுப்பு மறைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். பூவூவில் அந்த முடிச்சை மறைத்ததும் இப்படி ஒரு மேலுடைதான்.

விபத்து நடந்து எட்டு மாதம் கழித்து, 1990 ஜனவரியில், பிரான்சின் சிமாய் பாறையில் 'மாஸ் கிரிட்டீக்' பாதையை ஏறினார். 8பி+ அளவை எட்டிய முதல் பெண் ஆனார்.

நோஸ் பாதையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் ஒன்று. இது குன்னூரில் உள்ள டால்பின் நோஸும் இல்லை, கொடைக்கானலில் வட்டக்கானல் தாண்டிப் போகும் டால்பின் நோஸும் இல்லை. ஒவ்வொரு புது வகுப்பிலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

எல் கேப்பிட்டனின் நோஸ் சுமார் 900 மீட்டர் உயரம். கொடைக்கானல் தூண் பாறையைப் பார்த்திருப்பீர்கள், அது 122 மீட்டர். அதைப்போல ஏழு மடங்கு. 1958ல் வாரன் ஹார்டிங், வெய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் மூவரும் முதலில் ஏறி முடித்தார்கள். ஒன்றரை ஆண்டில் விட்டுவிட்டு ஏறியதில், பாறையில் கழித்த நாட்களே 40க்கு மேல். பெரும்பாலும் கருவியில் தொங்கித் தொங்கி ஏறியது அது. கடைசி இரவில் ஹார்டிங் தூங்காமல் கையாலேயே துளை போட்டு 28 போல்ட் (பாறைத் துளையில் அடிக்கும் இரும்பு ஆணி) அடித்து, விடியும்போது உச்சியைத் தொட்டார்.

அதற்குப் பிறகு 35 ஆண்டுகள், கருவியில் தொங்காமல் அதை ஏறப் பெரிய பெரிய ஆட்கள் முயன்றார்கள். இரண்டு இடங்கள் வழிமறித்தன. ஒன்று, 'கிரேட் ரூஃப்'. பாறை கூரையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் விரல் நுனி மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு கீற்று இடுக்கு. கால் வைக்க ஒன்றும் கிடையாது. வழவழப்பான சுவரில் பாதத்தை அழுத்தியபடியே பக்கவாட்டில் நகர வேண்டும்.

இன்னொன்று அதற்கும் மேலே, தரையிலிருந்து வெகு உயரத்தில், 'சேஞ்சிங் கார்னர்ஸ்'. இரண்டு சுவர்கள் சேரும் ஆழமில்லாத ஒரு மூலை. பிடி என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு மாற வேண்டும். லின் ஹில் முன்பு பிரிட்டிஷ் வீரர் சைமன் நாடினோடு முயன்றபோது பாதை முழுதாக முடியவில்லை. 1993ல் புரூக் சாண்டலோடு திரும்ப வந்தார். இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் தள்ளினார். ஒரு சுவரில் உள்ளங்கை, எதிர்ச்சுவரில் பாதம், இடுப்பு, முதுகு என்று எல்லாவற்றையும் அழுத்தம் கொடுக்கவே பயன்படுத்தி, அந்த மூலைக்குள்ளேயே உடம்பை முழுவதும் திருப்பினார். யாரும் அதற்கு முன் அங்கே செய்யாத அசைவு அது. நான்கு நாளில் உச்சி. "பாதை போகுது, பசங்களா!" என்று அப்போது அவர் சொன்னது பாறையேறிகளிடையே இன்றும் வாய்க்கு வாய் வருகிறது. சேஞ்சிங் கார்னர்ஸை இப்போது 5.14ஏ என்று அளவிடுகிறார்கள்.

சின்ன விரல் இருந்ததால்தான் முடிந்தது என்கிறார்களே?

சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். கிரேட் ரூஃபில் மெல்லிய விரல் உதவியது உண்மை. ஆனால் 157 சென்டிமீட்டர் உயரத்தோடு, ஆறடி ஆள் கை நீட்டி எட்டும் பிடிகளை எட்டாமலே ஏறிய பாதைகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு இடைஞ்சல் உண்டு. அவர் செய்தது, தன் உடம்புக்கு அந்தப் பாறையில் வழி எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தது. அடுத்தவர் அசைவைப் பார்த்து அப்படியே செய்திருந்தால் சேஞ்சிங் கார்னர்ஸில் அவரும் தொங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். என் வகுப்பில் குள்ளமான பிள்ளைகளுக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "எனக்கு எட்டலை அக்கா" என்று பாதியில் நின்றால், "அவன் பிடிச்ச பிடி உனக்கு வேண்டாம், காலை ஒரு சாண் மேலே வை" என்பேன். பெரும்பாலும் எட்டிவிடுகிறது.

அதையே ஒரே நாளிலும் ஏறினாராமே?

ஆமாம், அடுத்த ஆண்டே. முதல் முயற்சியில் வெயிலில் தண்ணீரும், வியர்வை வழுக்காமல் கையில் பூசும் சாக் பவுடரும் தீர்ந்துபோய்த் திரும்பினார். மறுபடியும் 1994 செப்டம்பர் 19 இரவு பத்து மணிக்குத் தொடங்கினார். ஸ்டீவ் சட்டன் கூடப்போனார், ஆனால் எல்லாப் பகுதியையும் முன்னால் ஏறியது லின் ஹில்தான். 23 மணி நேரத்தில் முடித்தார்.

1998ல் ஸ்காட் பர்க் ஏறியதில் ஒரு பகுதி மட்டும் மேலிருந்து தொங்கிய கயிற்றில். அதைத் தள்ளி வைத்தால், நோஸை மறுபடி முழுதாக ஃப்ரீயாக ஏற 2005 வரை ஆனது. அந்த ஆண்டு டாமி கால்ட்வெல்லும் பெத் ராடனும் ஏறினார்கள். கால்ட்வெல் சில நாளில் 12 மணி நேரத்துக்குள்ளும் முடித்தார்.

பிறகு என்ன செய்தார்?

போட்டிகளை 1992 வாக்கில் விட்டுவிட்டார். 1995ல் கிர்கிஸ்தானில் ஏறினார், 1999ல் பெண்கள் குழுவாக மடகாஸ்கரின் சரனோரோ பாறையில் ஏறினார். 1998ல் கேம்ப் 4ல் உள்ள புகழ்பெற்ற 'மிட்நைட் லைட்னிங்' உருண்டைப் பாறையை ஏறிய முதல் பெண். 2003ல் மகன் பிறந்தான். கொலராடோவின் போல்டரில் குடியேறினார்.

நம் மலையில் தேன் எடுக்கிறவர்களும் பாறையேறிகள்தானே?

சந்தேகமே வேண்டாம். நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பழனி மலையில் பளியர். மலைத்தேனீ கூடு கட்டும் செங்குத்துப் பாறைகளில் காட்டுக் கொடியால் ஏணி பின்னி இறங்கி, புகை போட்டுத் தேன் எடுப்பவர்கள் இவர்கள். ஹார்னெஸ் கிடையாது, போல்ட் கிடையாது. மேலே ஏணியைக் காத்து நிற்பது மச்சான்தான், அதாவது மனைவியின் சகோதரன், என்பார்கள். தங்கச்சி தாலியைக் காப்பாற்றுகிற ஆள் கையை விடமாட்டான் என்ற கணக்கு. கயிறு பிடிப்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை நான் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் படித்ததில்லை. லின் ஹில் தொழில்முறையில் முன்னோடி. பாறையில் உயிரைக் கயிற்றை நம்பி விடுவதில் நம் மலைக்காரர்களுக்கு எவ்வளவோ காலப் பழக்கம் உண்டு, அதற்கான மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டும்.

அப்படியானால் ரங்கசாமித் தூணில் ஏறலாமா?

வேண்டாம். ரங்கசாமி மலை இருளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெய்வம் இருக்கும் இடம். நாம் சாக் பவுடர் பூசும் இடம் இல்லை. கொடைக்கானல் தூண் பாறையும் வனத்துறை வேலி போட்ட இடம். பொதுவாகவே இந்த மலைகளில் பெரும்பாலான பாறைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

இன்னும் இரண்டு காரணம். நம்முடையது சார்னோகைட் பாறை, 250 கோடி ஆண்டுப் பழசு. காய்ந்திருந்தால் நல்ல உராய்வு உண்டு. மூடுபனி இறங்கினாலோ பாசியும் ஈரமும் சேர்ந்து எண்ணெய் தடவியதுபோல ஆகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள வறண்ட வாரங்களே நல்லவை. மற்றது தேனீ. பெரிய பாறை முகப்புகளில் மலைத்தேனீ இருக்கும். கயிற்றில் தொங்கும் ஆளால் ஓட முடியாது. கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சென்ட் அடித்துக்கொண்டு வருவதும் வேண்டாம்.

தீவிரமாகப் பழக விரும்பும் பெரிய பிள்ளைகளை ராமநகரம், பாதாமி, ஹம்பிக்கு அனுப்புகிறோம். செயற்கைச் சுவர் வேண்டுமென்றால் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இருக்கிறது.

ஒரு பாட்டி கேட்டது: "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

பாட்டி, நம் ஊரில் முதுகில் கூடை மாட்டிக்கொண்டு, நிற்கவே முடியாத சரிவில் நாள் பூராவும் நின்று கொழுந்து பறிப்பது யார்? நீங்களே இருபது வயதில் பறித்திருப்பீர்கள். சரிவில் கால் ஊன்றும் வித்தை உங்கள் பேத்திக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கயிறும் ஹார்னெஸும் நான் கொடுக்கிறேன். நீங்கள் ஒரு நாள் வந்து பாருங்கள்.

பதினான்கு வயதாகிவிட்டது, தாமதமா?

லின் ஹில் தொடங்கிய வயது அதுதான். இப்போது நகரங்களில் ஆறு வயதிலேயே சுவரில் ஏற்றுகிறார்கள், உண்மைதான். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு. நம் நாட்டில் இந்திய மலையேற்ற அறக்கட்டளை தேசியப் போட்டிகள் நடத்துகிறது. பதக்கமே குறி என்றால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. பாறை பிடித்துப்போய் ஏற வயது ஒரு தடையே இல்லை.

கருவிகள் பழையது வாங்கலாமா?

ஷூ வாங்கலாம், அடி ரப்பர் தேயாமல் இருந்தால் போதும். சாக் பை எதுவானாலும் சரி. கயிறு, ஹார்னெஸ் இரண்டும் புதியதாக, யு.ஐ.ஏ.ஏ. (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) முத்திரையோடு வாங்குங்கள். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு எவ்வளவு தடிமனானாலும் வேண்டாம். அது பாறையேற்றக் கயிறுபோல நீண்டு கொடுக்காது, விழும்போது மொத்த அதிர்ச்சியும் இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் இறங்கும். முதல் சில மாதம் எதுவும் வாங்க வேண்டியதே இல்லை, எங்களிடம் இருப்பதைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நகத்தை மட்டும் ஒட்ட வெட்டி அனுப்புங்கள்.